உடையப்பனின் பெட்டியில் எட்டுச் சாமிகள்

பிளாப்பித் தட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் உடையப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் ஊதுகிறார். பிறகு தன் நெற்றிக்கு நேராக ஒரு சுற்று. அதன் பிறகே தள்ளுகிறார். அந்த நேரத்தில் கடையில் யாரும் பேசக் கூடாது. பேசினால் வெளியே இழுத்து மறுபடி ஊதுவார்.

"இவரு இப்பத்தான் எந்திரிக்கிறாரு. சத்தம் போடாதீங்க லா."

இவர் என்பது கம்ப்யூட்டர். மனைவியை 'அவ' என்கிறார். கம்ப்யூட்டரை 'இவரு'.

மலேசியாவின் கோலா குபு பாருவில் ஒரு முடிவெட்டும் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவர் கடை. பலகையில் மூன்று தொழில்கள் இருக்கின்றன: போட்டோஸ்டாட், பாஸ்போர்ட் படம், கம்ப்யூட்டர் ஜாதகம். எண்பத்தாறில் திறந்தார். முதல் இரண்டுக்கும் இப்போது ஆள் வருவது குறைவு. மூன்றாவதற்குக் கலும்பாங், ரவாங், தஞ்சோங் மாலிம் வரை வருவார்கள். கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார். 'போன ஆடிக்குப் பிறகு இங்கே எடுத்த ஜாதகம் எல்லாம் தப்பு. கொண்டு வந்தால் மாற்றிப் போட்டுத் தரப்படும்.' சிவப்பு மையில், அவர் கையெழுத்தில். அந்த அட்டை வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கலாம். முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அந்தப் பழக்கம் உடம்பைவிட்டுப் போகவில்லை. 'எண்டர்' பொத்தானை விரலால் அழுத்துவதில்லை. கியர் போடுவதுபோல் தோளோடு சேர்த்துத் தள்ளுகிறார். மற்ற எழுத்துகளுக்கு மோதிர விரல் ஒன்றுதான். திருநீறு தொடும் விரல்.

"ஆள்காட்டி வெரல நீட்டி இவர குத்துறது மரியாதையா?"

கடையில் ஒரே ஒரு மின்விசிறி. அது கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றுகிறது. வியர்வையோடு உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைக் கொண்டுவந்து நீட்டினால் கோபம் வரும். "ஒங்களுக்குக் காத்து வேணும்னா அஞ்சடில போயி நில்லுங்க. இவருக்குத்தான் சூடு ஆவாது," என்பார். அஞ்சடி என்பது கடை முன்னால் கூரையோடு போகும் நடைபாதை. கடை மூடும்போது திரைக்கு மனைவியின் பழைய பட்டுச் சேலைத் துண்டைப் போர்த்துகிறார். அச்சுப்பொறிக்கு எதுவும் கிடையாது. அது கத்துகிறதாம்.

ஜாதக நிரல் மெட்ராஸிலிருந்து வந்தது. பழைய பாணி. படம் இல்லை, பட்டியல் இல்லை, கேள்வி கேட்காது. பெயர், தேதி, மணி, ஊர் எல்லாவற்றையும் ஒரே வரியில் தட்ட வேண்டும். தட்டினால் நட்சத்திரம், ராசி, கட்டம் எல்லாம் அச்சாகும். எந்த நாட்டு மணி என்பதை மட்டும் அந்த வரியில் வாங்காது. அதைக் கம்ப்யூட்டரின் சூழலில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் எழும்போது படிக்கிற தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. அதில் 'செட்' என்று தொடங்கி எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தச் சூழலில் போய் உட்காரும். அங்கே மணி பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் நிரல் மெட்ராஸ் மணி என்று எடுத்துக்கொள்ளும். மெட்ராஸ் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

விற்றவர் தொடக்கக் கோப்பின் கடைசி வரியில் மலேசிய மணியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரியை உடையப்பன் இதுவரை தொட்டதில்லை. அதற்கு மேலேதான் தொட்டார்.

கடை திறந்த அன்று கோப்பின் தலையில் பிள்ளையார் பெயரைத் தட்டினார். எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் வேண்டும். நம் வீடுகளில் மளிகைச் சீட்டுக்கே அப்படித்தான். கம்ப்யூட்டர் எழுந்தது. 'தவறான கட்டளை' என்றது.

"பிள்ளையாரு தப்பாம்! எனக்குக் கையெல்லாம் ஆடிப்போச்சு. அன்னிக்கே வித்துட்டு லோரிக்கே போயிருப்பேன்."

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தார். பெயருக்கு முன்னால் 'செட்' போடுங்கள், பின்னால் 'துணை' என்று போடுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். போட்டார். கம்ப்யூட்டர் வாயை மூடியது. அதோடு முருகனும் ஏறினார். அச்சுப்பொறி பழுதாகித் தானாகச் சரியானபோது ஆஞ்சநேயர். பக்கத்துக் கடையில் திருடன் புகுந்து இவர் கடையை விட்டுவிட்டுப் போனதும் முனியாண்டி. இப்படி ஏழு. போன ஆடியில் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாரியம்மன் ஏறினாள். எட்டு.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

என் அப்பா கார்த்திகேசு போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். கலும்பாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர். ஆட்கள் கூடும் காலைப் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்கு எடுக்க வேண்டும். கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் காலணி போட்டாயிற்று. மற்றது கையில். அப்படியே சாய்ந்துவிட்டார். ஆறே கால் மணி. வெளியே இருட்டு. அம்மா டார்ச் அடித்து முகத்தைப் பார்த்திருக்கிறார்.

நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு வேட்டி கட்டியிருந்தார்கள். முதல் நாள் இரவு தொலைபேசியில் பேசியவர். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

பெரியப்பா இராமையா தோட்டத்துக் கோயில் தலைவர். உடல் வீட்டில் இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் கோலா குபு பாருவுக்குப் போய் வந்தார். கையில் ஓரத்தில் துளை போட்ட கம்ப்யூட்டர் தாள். இறந்த நேரத்தின் நட்சத்திரம் அதில் இருந்தது. அவிட்டம்.

அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் மூடிவைக்க வேண்டும். பெரிய வீடாக இருந்தால் ஓர் அறையை மூடுவார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அப்படி மூடத் தனி அறை இல்லை. வீட்டையே மூடினார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது கதவில் பூட்டு தொங்கியது. குறுக்கே முள்கிளை. அம்மாவின் மாற்றுச் சேலைகூட உள்ளே இருந்தது.

அம்மா நல்லம்மாள் பாலர் பள்ளியில் படுத்தார். குட்டை நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுச் சிமெண்டுத் தரையில் பாய். சுவர் முழுக்க அணில், ஆடு, இலை. முப்பது வருடம் குடியிருந்த வீடு அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. அம்மா அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுக்கவில்லை.

ஆள் குடியில்லாத வீடு நிர்வாகத்துக்குத் திரும்பிப் போகும். தோட்டத்தில் அதுதான் நடைமுறை. அம்மா இன்னும் களையெடுக்கப் போகிறவர். தோட்டத்தில் வீடு இருந்தால்தான் அந்த வேலையும் இருக்கும். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்மா. அதுக்கு மேல மானேஜர் கேப்பாரு," என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நல்ல மனிதர். ஆறு மாதம் பொறுக்க அவரால் முடியாது.

கோயில் காலண்டரில் அன்றைக்குத் திருவோணமும் இருந்தது, அவிட்டமும் இருந்தது. ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிற நாள். திருவோணத்துக்கு அடைப்பே இல்லை. எது எப்போது முடிந்தது என்று ஒரு பெரியவர் மெல்ல இழுத்தார். பெரியப்பா விடவில்லை.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. நீ என்னா வெரல மடக்கிக்கிட்டு?"

வெள்ளிக்கிழமை அந்தத் தாள் என் கைக்கு வந்தது. நட்சத்திரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கீழே இருந்த சிறிய வரிகளைப் படித்தேன். 'சூரிய உதயம் 4.38.'

மறுபடி படித்தேன். ஊர் சரியாக இருந்தது. தேதி சரி. அப்பாவின் பெயர் சரி. அம்மா டார்ச் அடித்துப் பார்த்த நேரத்தில், இந்தத் தாளின்படி, வெயில் ஏறியிருக்க வேண்டும். கலும்பாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன். இரண்டரை மணி நேரம் இடிக்கிறது. அந்த எண்ணை வேலையிடத்தில் நான் அடிக்கடி பார்ப்பவள். அது மெட்ராஸ்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன்.

"கலும்பாங் கார்த்திகேசு மக," என்றேன்.

"மண்டோர் அண்ணனா?" எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ. மழையில எத்தன தடவ லோரி பொதைஞ்சு கெடந்திருக்கேன். ஆளக் கூட்டியாந்து தள்ளி விடுவாரு. ஒரு வார்த்த ஏச மாட்டாரு." பிறகு கையை நீட்டித் தடுத்தார். "பாப்பா, அங்கயே நில்லும்மா. கோவிச்சுக்காத. தீட்டு. உள்ள எட்டு சாமி இருக்கு."

அஞ்சடியில் நின்றேன். தாளை நீட்டினேன். அதையும் ஓரத்தில் பிடித்து வாங்கினார்.

"அங்கிள், இதுல சூரியன் எத்தன மணிக்கு உதிக்குது?"

"நாலு முப்பத்தெட்டு."

"இங்க எத்தன மணிக்கு உதிக்குது?"

"அது இந்தியா சூரியன் லா," என்றார், யோசிக்காமல். "கேக்குறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்றது."

பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் தேவதாஸ் சீப்போடு வெளியே வந்து நின்றார். "அப்ப சீனனுக்குத் தனிச் சூரியனாடா உடையப்பா?"

"நீ போயி மயிர வெட்டு."

மலேசிய மணி எழுதிய வரி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். படித்தார். ஒரு பிழையும் இல்லை. நிரலோடு வந்த கையேட்டில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அதில் எப்படியோ இதிலும் அப்படியே. வரி சரி. நிரல் அதை மதிக்கவில்லை.

நான் உள்ளே போய்த் தட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். தீட்டு. நான் வெளியிலிருந்து எழுத்துகளைச் சொன்னேன். அவர் மோதிர விரலால் தட்டினார். தேவதாஸ் நடுவில் நின்று, கேட்காததைத் திருப்பிச் சொன்னார். மணி வரியில் மலேசியாவைக் குறிக்கும் எட்டு என்ற எண்ணை ஒன்பதாக மாற்றச் சொன்னேன். மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, அதே ஜாதகம் போட்டோம். நாலு முப்பத்தெட்டு. மூன்றாக்கினோம். நாலு முப்பத்தெட்டு. எதைச் சொன்னாலும் கேட்காத பிள்ளைபோல் நின்றது.

"இவரு பிடிவாதக்காரரு," என்றார் உடையப்பன். கொஞ்சம் பெருமையாக.

எண்ணைப் பழையபடி எட்டாக்கச் சொன்னேன். பிறகு, 'செட்' என்று மட்டும் தட்டுங்கள் என்றேன். அப்படித் தட்டினால் சூழலில் உண்மையில் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும். கோப்பில் நாம் எழுதியது வேறு. அது வாங்கிக்கொண்டது வேறு.

தட்டினார். தோளால் தள்ளினார். திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன அங்கிள் இருக்கு?"

"எல்லாரும் இருக்காங்க பாப்பா. பிள்ளையாரு, முருகன், சிவன்..." வரிசையாகப் படித்தார். "...முனியாண்டி, மாரியம்மன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். மாரியாத்தாவோட முடிஞ்சிருச்சு."

"மணி வரி?"

திரைக்கு மிக அருகில் போனார். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "காணோம்," என்றார். குரல் மாறியிருந்தது. "கோப்புல இருக்கே பாப்பா. என் கண்ணால பாத்தேனே."

ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் ஓர் ஆங்கில வரி மின்னி மறைகிறது. உடனே திரை துடைக்கப்பட்டு, புள்ளிகளால் வரைந்த பிள்ளையார் வருகிறார். அந்த வரி என்ன என்று கேட்டேன்.

"அதுவா? இவரு கண்ணடிக்கிறாரு. குட்மார்னிங் சொல்றதுக்கு."

"எப்பலேருந்து?"

"போன ஆடியிலேருந்து. மாரியாத்தாவ ஏத்துன மறுநாளு. நா அவளுக்குத்தான் சொல்றாருன்னு..." அங்கே நிறுத்தினார்.

மறுபடி எழுப்பி, மின்னும்போது நிறுத்துகிற பொத்தானை அழுத்தச் சொன்னேன். முதல் தடவை தவறவிட்டார். இரண்டாவது தடவை பிள்ளையார்தான் நின்றார். "லோரி பிரேக்கு மாரி அமுத்துடா!" என்று தேவதாஸ் கத்தினார். மூன்றாவது தடவை வரி அகப்பட்டது. உடையப்பன் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"அவுட்... ஆப்... என்விரான்மென்ட்... ஸ்பேஸ்."

சூழலில் இடமில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாள் காலையிலும் அதைச் சொல்லியிருக்கிறது. ஆடியிலிருந்து. சொன்ன கையோடு பிள்ளையார் வந்து மறைத்திருக்கிறார்.

"லோடு அதிகமா?" என்றார் உடையப்பன்.

"ஆமா."

"கடைசியா ஏற வந்தவன எறக்கி விட்டுட்டானா?"

"ஆமா."

நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி அவர் பக்கம் திரும்பவில்லை.

வழிகள் சொன்னேன். சாமி வரிகளை வெறும் குறிப்புகளாக மாற்றலாம். கோப்பில் இருக்கும், இடம் பிடிக்காது. ஒப்பவில்லை. "படிச்சிட்டு மறந்துரும். எனக்கு இவரு நெனப்புல வச்சிருக்கணும்." மணி வரியை மேலே கொண்டுபோகலாம்.

"எங்க?"

"முதல் வரியா."

"பிள்ளையாருக்கு முன்னாடியா?"

"சரி, பிள்ளையாருக்குப் பின்னாடி."

"அப்ப யாரு எறங்குவா?"

"கடைசில இருக்கிறவங்க. மாரியம்மன்."

"ஆப்பரேசன் தியேட்டர்ல அவதான் கூட நின்னா," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசி வழி, வண்டியையே பெரிதாக்குவது. சூழலுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கச் சொல்லி வேறொரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். நான் சொன்னேன், அவர் தட்டினார். எழுப்பினோம். திரை மின்னவில்லை. நேராகப் பிள்ளையார்.

"இன்னிக்குச் சொல்லலியே," என்றார், சின்னக் குரலில்.

அப்பாவின் பெயர், தேதி, ஆறே கால், கலும்பாங். அச்சுப்பொறி கத்தியது. உடையப்பன் தாளைக் கிழித்துக் கீழ்வரியை முதலில் படித்தார். சூரிய உதயம் 7.08. பிறகு மேலே போனார்.

"திருவோணம்."

எனக்கு நிம்மதி வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன். நான்கு இரவுகள் அம்மா சிமெண்டுத் தரையில் படுத்தது ஒரு வரிக்கு இடம் இல்லாததால். அழுவதற்கு அது மிகச் சிறிய காரணமாகத் தெரிந்தது.

தேவதாஸ் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "டேய், எம்பேரனுக்குத் தைப்பூசத்துக்குப் போட்டுக் குடுத்தியே? பேரெழுத்தே அதப் பாத்துத்தானே வச்சோம்?"

உடையப்பன் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, யாரையும் கேட்காமல், ஒரு பிறந்த தேதியைத் தட்டினார். பிறகு இன்னொன்று. இரண்டும் மனப்பாடமாக இருந்தன. பொருத்தம் பார்க்கும் கட்டளை. தோளால் தள்ளவில்லை. விரலால் மெதுவாக அழுத்தினார். வந்த தாளை வெகு நேரம் பார்த்தார்.

"எந்தங்கச்சி கலாவதி," என்றார். "தீவாளிக்கு முன்னாடி பாக்கு வெத்தல மாத்த இருந்துச்சு. மூணு பொருத்தந்தான் இருக்குன்னு நாந்தான் நிறுத்துனேன். இப்ப எட்டு இருக்கு."

தேவதாஸ் மெல்லக் கேட்டார். "அந்தப் பையன்?"

"பீடோர்ல பொண்ணு கட்டிட்டான். தைமாசம்."

ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, ஜாதகம் எழுத வேண்டும் என்றார். இன்றைக்கு இல்லை என்று உடையப்பன் கையசைத்தார்.

"பாப்பா, இது வெளிய தெரிஞ்சா..." என்று என்னைப் பார்த்தார். முடிக்கவில்லை. "தாளக் கொண்டுட்டுப் போம்மா. நீயே காட்டு."

"நா காட்டுனா நம்ப மாட்டாங்க அங்கிள். படிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவ, மாத்திட்டான்னு சொல்வாங்க. அம்மா பாலர் பள்ளியில படுத்திருக்காங்க."

"எங்க?"

"பாலர் பள்ளியில. தரையில."

அது அவருக்குத் தெரியாது. அவர் தாள் போட்டுக் கொடுத்ததோடு சரி. அவர் தாளை வாங்கிப் போகிறவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அவர் போய்ப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார். துணியைப் போர்த்தவில்லை. கடைக் கதவை இழுத்துவிட்டு மோட்டாரை எடுத்தார்.

தோட்டத்தில் வேலை முடிந்து ஆட்கள் திரும்பியிருந்தார்கள். லயத்து முன்னால் பெரியப்பாவும் பத்துப் பன்னிரண்டு பேரும். உடையப்பன் இரண்டு தாள்களையும் நீட்டினார். பழையது தப்பு, புதியது சரி என்றார்.

பெரியப்பா தாள்களை வாங்கவில்லை. "அன்னிக்கு அவிட்டம்னு சொன்னது யாரு? ஒம்மெசினு. இன்னிக்குத் திருவோணம்னு சொல்றதும் ஒம்மெசினு. நாளைக்கு வந்து என் தம்பி சாகவே இல்லன்னு சொல்லுமா?"

ஒரு கணம், சொல்லட்டுமே என்று நினைத்தேன்.

"மெசினு மேல தப்பில்லங்கய்யா," என்றார் உடையப்பன். "நாந்தான். சாமி பேர அதிகமா ஏத்திட்டேன். மணிக்கு எடமில்லாம போச்சு."

"சாமி பேரு சொன்னா தப்பு வருமாம்!" என்று யாரோ சிரித்தார்கள். "மெசின விடு, இவனுக்குத்தான் ஜாதகம் பாக்கணும்." ஒரு கிழவர் காறித் துப்பினார். உடையப்பன் தலை குனிந்து நின்றார். விளக்கம் சொல்லத் தெரியவில்லை. இடம், சூழல், வரி. என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சொல்ல முயன்றேன். "நீ சும்மா இரும்மா," என்றார் பெரியப்பா. அதட்டவில்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. தம்பியின் ஆவியை நினைத்து அவர் பயந்துகொண்டிருந்தார்.

"சரி, தெறக்கலாம்னே வச்சுக்க," என்றார் அவர். "மொதல்ல உள்ள போறவன் யாரு? அவிட்டமா இருந்தா, போறவன் குடும்பத்தத்தான் அது புடிக்கும். ஒம்பொண்டாட்டி புள்ளய வச்சுக்கிட்டு நீ போவியா?"

வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து மண்ணில் போட்டார். யாரும் குனியவில்லை.

உடையப்பன் குனிந்து எடுத்தார். முள்கிளையைக் கையாலேயே தூக்கிப் போட்டார். புறங்கையில் கீறல் விழுந்தது. பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, உள்ளே போனார். நான்கு நாள் மூடிக்கிடந்த வாடை வெளியே வந்தது. அவர் நடுவீட்டில், அப்பா சாய்ந்த இடத்தில், நின்றார். இருட்டில் சட்டை மட்டும் தெரிந்தது.

அம்மா பாலர் பள்ளி வாசலில் இருந்து எழுந்து வந்திருந்தார். வாசற்படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார்.

"அண்ணி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெயில்ல வந்தது. தொண்ட காயுது. கொஞ்சம் தண்ணி குடுங்க."

அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா எங்கேயோ பார்த்தார். சாவுவீட்டில், அதுவும் அடைத்த வீட்டில், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவனை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. யாரோ ஒரு பெண், "வேணாண்டா டேய்," என்றாள்.

"அண்ணி," என்றார் மறுபடியும்.

அம்மா படியைத் தாண்டினார். விளக்கைப் போடாமலே அடுப்படிக்குப் போனார். பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நாலு நாளுத் தண்ணி, தம்பி."

"இருக்கட்டும். குடுங்க."

நாங்கள் யாராயிருந்தாலும் தூக்கித்தான் குடிப்போம். உடையப்பன் செம்பின் விளிம்பில் வாயை வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கதவுப் பக்கம் திரும்பி நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டுச் செம்பை அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."